நெற்றியில் குங்குமம் வைத்த பிரெஞ்சுக்காரி

மதாம் அந்தப் படத்தை எனக்கே எனக்கென்று தந்தாரா, கொஞ்ச நாள் வைத்திருக்கச் சொன்னாரா, அல்லது பெட்டிக்குள் வைக்கச் சொன்னதை நான்தான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேனா? ஒரு கோடை முழுக்க இந்தக் கேள்வி என் மண்டையைக் குடைந்தது. பல் விளக்கும்போது தந்தார் என்று தோன்றும். மத்தியானம் பஸ்ஸில் இருக்கும்போது தரவில்லை என்று தோன்றும். கறிக்கு வெங்காயம் வெட்டும்போது இரண்டும் ஒன்றாக வந்து நிற்கும். வெட்டிய வெங்காயத்தை என்ன செய்ய எடுத்தேன் என்பதும் மறந்துபோகும்.

மதாம் என்பது பெயர் இல்லை. பிரெஞ்சு பேசும் இந்த மொன்றியலில் வயதான பெண்களை அப்படித்தான் கூப்பிடுவது. வீடுகளில் தனியாக இருக்கும் முதியவர்களைப் பராமரிக்க ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றில் நான் வேலை செய்கிறேன். அவர்கள்தான் என்னை மதாமிடம் அனுப்பினார்கள். வில்லரேயில் வெளிப்படிக்கட்டு வைத்த வீட்டின் இரண்டாம் மாடியில் இருந்தார். வயது தொண்ணூறை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்க் எக்ஸ்டென்ஷனில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். காலை எட்டு மணிக்குப் போய்ப் பன்னிரண்டுக்குத் திரும்புவேன். குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, குளிசை எண்ணிக் கொடுப்பது, சூப்பு வைப்பது. நிறுவனம் தந்த பட்டியலில் இல்லாத வேலை ஒன்றும் செய்தேன், மதாமை ஏசுவது. குளிசையை விழுங்கியதுபோல் பாசாங்கு செய்து கதிரை மெத்தைக்குக் கீழே ஒளித்துவைப்பார். நான் என் அரைகுறைப் பிரெஞ்சில் தொடங்குவேன், அது தீர்ந்ததும் "என்ன கண்டறியாத பழக்கம் இது!" என்று தமிழில் முடிப்பேன். அவர் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். ஐம்பது தாண்டிய என்னைப் பெட்டை என்று கூப்பிடுவார். சின்னப் பெண் என்று அவர் சொன்ன பிரெஞ்சுச் சொல்லுக்கு எங்கள் பேச்சில் அதுதான் சரியான சொல். அவருடைய பிரெஞ்சு என் காதில் எப்போதும் எங்கள் தமிழாகத்தான் விழுந்தது, ஆகவே இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

நான்கு வருடம் அப்படிப் போனது.

அந்தப் படம் குசினி மேசைக்கு எதிரே தொங்கியது. பள்ளிக்கூடக் கொப்பியைவிடச் சின்னது. மெல்லிய பலகையில் எண்ணெய் வர்ணத்தால் தீட்டியது. சட்டத்தில் பொன்பூச்சு, ஒரு மூலை உடைந்திருந்தது. கண்ணாடி கிடையாது. கழுத்துவரை மூடிய கறுப்பு உடுப்பும் வெள்ளைப் பின்னல் கொலரும் போட்ட ஒரு பெண். முப்பது வயது இருக்கலாம். நடு உச்சி பிரித்து, காதை மூடித் தலை வாரியிருந்தாள். ஒரு காதின் நுனி மட்டும் தெரிந்தது, அதில் மிளகளவு தோடு. அவளுடைய கண் நம்மைப் பார்க்காது. நமக்குப் பக்கத்தில் நிற்கும் யாரையோ பார்க்கும். அந்த ஆள் ஏதோ கேட்டுவிட்டார், பதில் சொல்வதா வேண்டாமா என்று அவள் யோசிக்கிறாள், அப்படியொரு முகம். சூப்பு கொதிக்கும்வரை நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன். சில நாட்களில், "சொல்லித் துலையன் அம்மா" என்று வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறேன்.

யார் இவள் என்று மதாமிடம் கேட்டது என் பிழை. முதல்முறை கேட்டபோது, தன் தாயின் பாட்டியின் தங்கை என்றும், பிரான்சில் ஒரு வைத்தியரின் மனைவி என்றும் சொன்னார். சில மாதம் கழித்து, கன்னியாஸ்திரி மடத்தை விட்டு ஓடியவள் என்றார். இன்னொரு நாள், தேன்நிலவுக்குப் பாரிஸ் போனபோது மழைக்கு ஒதுங்கிய பழஞ்சாமான் கடையில் வாங்கியது, ஆள் யாரென்று கடைக்காரனுக்கே தெரியாது என்றார்.

"போன முறை மடத்தை விட்டு ஓடினவள் எண்டனீங்கள்?" என்று மடக்கினேன்.

"போன முறை அப்பிடித்தான் இருந்தாள்" என்றார் மதாம், கண்ணைச் சிமிட்டாமல்.

படத்தின் பின்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பழுப்பு மையில் ஒரு ஊர்ப்பெயரின் பாதி. ஆயிரத்து எண்ணூறு என்பதுவரை தெரிந்தது, மிச்சம் பூச்சிக்குப் போய்விட்டது. மதாமின் ஞாபகமும் கிட்டத்தட்ட அந்த நிலைமைதான் என்று நிறுவனத்துக்கு அறிக்கை எழுதும் பொறுப்பு எனக்கு இருந்தது. நான் கொஞ்சம் தாராளமாகவே எழுதினேன். எல்லாம் நன்றாக இருக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறார், இப்படி. ஆனால் பங்குனியில் அடுப்பில் வெறும் சட்டியை வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். அதற்குப் பிறகு தாராளம் எடுபடவில்லை. பியர்பொன்ட்ஸில் இருக்கும் மகன், தன் வீட்டுக்குக் கிட்ட உள்ள முதியோர் இல்லத்தில் இடம் எடுத்தார். அறுபது வயது மனிதர், எதற்கும் இரண்டு தரம் நன்றி சொல்லும் ரகம்.

யூலை பிறக்கும் நாளில் மொன்றியலில் பாதிப்பேர் வீடு மாறுவார்கள். மதாமும் அன்றுதான் மாறினார். வெயில் மண்டையைப் பிளந்தது. மகனும் லொறிக்காரரும் படிக்கட்டில் மேலும் கீழுமாக ஓடினார்கள். நானும் மதாமும் குசினியில் சாமான் கட்டினோம். கட்டினோம் என்று சொல்வது மரியாதைக்கு. மதாம் கையில் அகப்பட்டதையெல்லாம் என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தார். உப்புக் குப்பி. மூன்று பற்றரி. இடது கைக் கையுறை ஒன்று. ஒவ்வொன்றுக்கும், "இதைக் கொண்டு போங்கோ" என்றார். நான் வாங்கி வாங்கிப் பெட்டிக்குள் போட்டேன். பிறகு கதிரையில் ஏறப்போனார். நான் பாய்ந்து பிடித்தேன். அவர் நீட்டிய கை படத்தில் இருந்தது. கழற்றிக் கொடுத்தேன். தலையணை உறை ஒன்றுக்குள் அதை வைத்துச் சுற்றினார், சுற்றிய வேகத்தில் என் தோள்பையின் வாயைத் திறந்து தானே உள்ளே வைத்தார்.

"இவளைக் கொண்டு போங்கோ."

"எனக்கோ?" என்று கேட்டேன்.

"ஓம், ஓம். கெதியா" என்று சொல்லிக்கொண்டு வாசலைப் பார்த்தார். மகன் உள்ளே வந்தார். மதாம் உடனே கோப்பைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

நடந்தது இவ்வளவுதான். பெட்டிக்குள் போடாமல் பையில் வைத்தாரே, அதனால் தந்தார். ஆனால் பற்றரிக்கும் அதே வசனத்தைத்தான் சொன்னார், அதனால் தரவில்லை. மகன் வந்ததும் பேச்சை மாற்றினாரே, அதனால் இரகசியமாகத் தந்தார். ஆனால் அவர் எப்போதும் பேச்சை மாற்றுகிறவர். நிறுவனத்தில் வேலைக்குச் சேரும்போது, வாடிக்கையாளரிடம் ஒரு பொருளும் வாங்கமாட்டேன் என்று கையெழுத்து வைத்திருந்தேன். மகனிடம் அந்த இடத்திலேயே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று கேட்டால் மறைக்காமல் சொல்கிறேன், அவர் "இல்லை, அது அம்மாவின் குழப்பம்" என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். படம் எனக்கு வேண்டும். படத்தைவிட, மதாம் அதை எனக்குத் தந்தார் என்பது வேண்டும். நான்கு வருடம் நான் அங்கே வெறும் சம்பளக்காரியாக இருக்கவில்லை என்பதற்கு என் கையில் ஒன்று வேண்டும்.

மகனின் காரில் ஏறும்போது மதாம் கண்ணாடியை இறக்கிக் கை காட்டினார். "அடுத்த கிழமை வருவன்" என்று கத்தினேன். வீடுவரை அழுதுகொண்டே நடந்தேன்.

வீட்டு வாசலுக்கு வந்தபோதுதான் மூட்டைப்பூச்சியின் நினைவு வந்தது. வீடு மாறும் நாட்களில் இந்த ஊரில் எல்லோருக்கும் இருக்கும் பயம் அது. ஒரு பழைய கட்டிலோடு ஒரு கட்டடத்துக்கே பூச்சி வந்துவிடும். அதனால் பையை வெளியே வைத்துவிட்டு, ஒன்றையும் தொடாமல் நேரே குளியலறைக்குள் போனேன். உடுத்திருந்ததை அப்படியே துவைக்கும் மெஷினுக்குள் போட்டேன். தலை முழுகினேன். ஈரத் தலையோடு வெளியே வந்து, பையைத் தட்டி உதறி, தலையணை உறையைப் பிரித்துப் படத்தை எடுத்தேன். எங்கே வைப்பது? குசினியில் எண்ணெய்ப் புகை. ஹோலில் வெயில். உள்ளறை அலுமாரி ஒன்றின் தட்டுகளை என் கணவர் சாமியறையாக்கி வைத்திருந்தார். மேல்தட்டில் சாமிப் படங்கள், கீழ்த்தட்டில் அவருடைய அப்பா அம்மாவின் படங்கள். வீட்டில் தூசி தட்டப்படும் இடம் அது ஒன்றுதான். அங்கே கீழ்த்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினேன். கணவர் வேலைக்குப் புறப்பட்டு நின்றவர், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. என் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. என்ன ஏது என்று கேட்காத புருசன் கிடைப்பதற்குக் கொடுத்துவைக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

"அடுத்த கிழமை வருவன்" என்றவள் போகவில்லை. அதற்கடுத்த கிழமையும் போகவில்லை. போனால் மகன் இருப்பார், படம் எங்கே என்று கேட்பார். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பது சும்மா சொன்னதில்லை. வேறு வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பினார்கள், போனேன். முதல் இரண்டு மூன்று நாள் அலுமாரியைத் திறந்து அவளைப் பார்த்தேன். அவள் எப்போதும்போல் எனக்குப் பக்கத்தில் நின்ற யாரையோ பார்த்தாள். எனக்கு எரிச்சல் வந்தது. அதற்குப் பிறகு திறக்கவில்லை. சாமி எப்படியும் என் கணவரின் டிப்பார்ட்மென்ட். அவருக்குப் பின்னேர ஷிஃப்ட், காலையில் குளித்து விளக்கு வைப்பார். நான் அதற்குள் வேலைக்குப் போயிருப்பேன்.

அந்த யூலையில் வீட்டில் மச்சம் இல்லை. கணவர் இறைச்சி வாங்கவில்லை, மீன் வாங்கவில்லை. ஆடி மாதம், ஏதோ விரதமாக்கும் என்று விட்டுவிட்டேன். மாதக் கடைசியில் ஒருநாள் வேலையால் வந்தால், வாழையிலையில் சோறு, ஐந்தாறு கறி, வடை, பாயாசம். இலையை எங்கேயோ தேடிப் பிடித்திருக்கிறார். நான் ஏன் என்று கேட்காமல் மூன்று வடை தின்றேன். நான்காவதையும் எடுத்தேன்.

செப்டெம்பரில் மகனிடமிருந்து தொலைபேசி வந்தது. நான் டெபானரில், எங்கள் தெருமுனைக் கடையில், பால் போத்தலோடு நின்றேன். இரண்டு தரம் சுகம் விசாரித்தார். பிறகு சொன்னார்: அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. எதையோ தேடுகிறார். சுவரைப் பார்க்கிறார், வாசலைப் பார்க்கிறார். குசினியில் இருந்த சின்னப் படமாகத்தான் இருக்கும் என்று வீட்டில் நினைக்கிறார்களாம். எல்லாப் பெட்டியையும் திறந்தாயிற்று, படத்தைக் காணவில்லை. "அண்டைக்கு எங்கையாவது கண்டனீங்களோ?"

என்னிடம்தான் இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்த வார்த்தை, "தேடிப் பாக்கிறன்."

என் வீட்டு அலுமாரிக்குள் இருக்கும் பொருளை நான் என்னத்தைத் தேடுவது! தொலைபேசியை வைத்ததும் முகம் கொதித்தது. இவ்வளவு நாளும் கள்ளியா இல்லையா என்பது சந்தேகத்தில் இருந்தது. அந்த ஒரு வார்த்தையால் நானே சந்தேகத்தைத் தீர்த்துவைத்துவிட்டேன் என்று தோன்றியது. பாலை வாங்காமலே வீட்டுக்கு வந்தேன்.

அலுமாரியைத் திறந்தேன். மாமனாருக்கும் மாமியாருக்கும் நடுவில் அவள் இருந்தாள். சட்டத்தின் மேல் ஒரு செவ்வந்திப் பூ. நெற்றியில், அந்த நடு உச்சிக்குக் கீழே, பெரிய சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம்.

மற்றப் படங்களில் பொட்டு கண்ணாடியின் மேல் இருந்தது. இவளுக்குக் கண்ணாடி இல்லை. நூற்றைம்பது வருடத்துக்குக் கிட்ட வந்த வர்ணத்தின் மேலேயே, வெள்ளிக்கு வெள்ளி, ஒன்றின் மேல் ஒன்றாக அப்பியிருந்தது. பழைய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

கணவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன வேலை இது? ஆர் இவளுக்குப் பொட்டு வைச்சது?"

"நான்தான். வெள்ளிக்கிழமையிலை எல்லாருக்கும் வைக்கிறதுதானே?"

"எல்லாரும் எண்டால்? இவள் உங்கடை சொந்தமோ?"

அவர் என்னைப் பாவம் என்பதுபோல் பார்த்தார். "நாலு வருசம் அந்த மனுசியாலை சாப்பிட்டிருக்கிறம். ஒரு பொட்டு வைச்சால் என்ன குறைஞ்சு போகுது? தாலியறுத்த மனுசி, குங்குமம் வைக்கலாமோ எண்டு நானும் யோசிச்சனான். படத்திலை இளம் பெட்டையாத்தானே இருக்கிறா எண்டுபோட்டு வைச்சன்."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. "எந்த மனுசி?"

"உம்மடை மதாம்."

"மதாமுக்கு என்ன?"

இப்போது குழம்புவது அவருடைய முறை. ஒரு சப்பாத்து காலில், ஒரு சப்பாத்து கையில். "அவ செத்துப்போனாவெல்லே?"

"உங்களுக்கென்ன விசரே! அந்த மனுசி பியர்பொன்ட்ஸிலை உயிரோடை இருக்கிறா!"

"அப்ப நீர் அண்டைக்கு அழுது கொண்டு வந்தனீர். பையை வெளியிலை வைச்சிட்டு, ஒண்டிலையும் முட்டாமல் போய்த் தலை முழுகினீர். உடுப்பை உடனை தோய்க்கப் போட்டனீர். பேந்து ஒரு படத்தைக் கொண்டுவந்து அப்பாக்குப் பக்கத்திலை வைச்சனீர். இதுக்கு மேலை ஒரு மனுசன் என்னத்தைக் கேக்கிறது? கேட்டால் நீர் அழுவீர் எண்டு பேசாமல் இருந்தனான்."

சொல்லச் சொல்ல எனக்கே அது செத்த வீட்டிலிருந்து திரும்பியவளின் வேலையாகத்தான் தெரிந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை, எல்லாம் முறைப்படி செய்திருக்கிறேன். அப்படியானால் அந்த வடையும் பாயாசமும்?

"முப்பத்தொண்டு" என்றார் கணவர், மெல்லிய குரலில்.

மதாமின் முப்பத்தோராம் நாள் படையலில் நான் நான்கு வடை தின்றிருக்கிறேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, அவரை அடிக்கவும் கை வந்தது. அவருக்கோ இவை ஒன்றும் தெரியவில்லை. "உயிரோடை இருக்கிற மனுசிக்கு… ஐயோ முருகா" என்று அலுமாரிக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாவத்துக்குப் பரிகாரமாகக் கோயிலில் மதாமின் பேருக்கு ஒரு அர்ச்சனை செய்விக்க வேண்டுமாம். மதாமின் நட்சத்திரம் என்ன என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் மற்றச் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அதன் பிறகுதான் நான் செய்த கூத்து. பஞ்சைத் தண்ணீரில் தொட்டுப் பிழிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பொட்டின் ஓரத்தை ஒற்றினேன். குங்குமம் பஞ்சில் வந்தது. மகிழ்ச்சியாக இருந்தது. இன்னொரு பஞ்சு. சந்தனமும் வந்தது. மூன்றாவது பஞ்சில் ஒரு மங்கல் மஞ்சள் நிறம். அது சந்தனமா, அவளுடைய நெற்றியா? வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன், கழற்றியும் பார்த்தேன். அவளுடைய தோலும் சந்தன நிறம்தான், எந்தப் புண்ணியவான் அப்படித் தீட்டினானோ. மேலே துடைத்தால் பொட்டோடு நெற்றியும் வந்துவிடலாம். விட்டால் பொட்டு இருக்கும். நிறுத்தினேன். நடுவில் வெளிறிச் சிவந்த ஒரு வட்டம், சுற்றிவர வெடிப்புகளுக்குள் மெல்லிய சிவப்புக் கோடுகள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். எனக்குக் குரங்காகவாவது முடிந்ததா என்றே தெரியவில்லை.

சனிக்கிழமை அவளைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பியர்பொன்ட்ஸுக்குப் போனேன். மெட்ரோ, பிறகு ஒரு பஸ், பிறகு இன்னொரு பஸ். வழி முழுவதும் பிரெஞ்சில் வசனம் கோத்தேன். "தந்தா எண்டு நினைச்சன்" என்றால் கள்ளி சொல்லும் கதை. "வைச்சிருக்கச் சொன்னா" என்றால், பிறகு ஏன் தேடிப் பார்க்கிறேன் என்றாய் என்று கேட்பார். பொட்டுக்கு என்ன சொல்வது? வேலை போகட்டும், இன்னொன்று பார்க்கலாம். மதாமின் முகத்துக்கு முன்னால் என் பெயர் கெடப்போகிறது என்பதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு தரிப்பிடத்தில் இறங்கித் திரும்பிவிடலாம் என்று எழும்பினேன். கதவு திறந்து மூடியது. மறுபடி இருந்தேன்.

மகன் இல்லத்தின் வரவேற்பறையில் காத்திருந்தார். துவாயைப் பிரித்தேன். அவர் முதலில் புன்னகைத்தார், பிறகு நெற்றியைக் கண்டார்.

கோத்த வசனம் ஒன்றும் நாவில் இல்லை. இருந்ததை இருந்தபடியே கொட்டினேன். படத்தை அவருடைய அம்மாதான் என் பையில் வைத்தார், தந்தாரா என்று எனக்குத் தெரியாது, கேட்கப் பயந்தேன், தேடிப் பார்க்கிறேன் என்றது பொய். பொட்டுக்கு வந்தபோது கொஞ்சம் திணறினேன். ஏனென்றால் அதைச் சொல்வதற்கு, உங்கள் அம்மா செத்துப்போனதாக நினைத்து என் கணவர் வாராவாரம் வழிபட்டார் என்று ஒரு மகனின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னேன்.

அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒவ்வொரு வெள்ளியுமோ?"

"ஓம். பூவும் வைச்சவர்."

"எனக்கு ஒவ்வொரு கிழமையும் வரக் கிடைக்கிறேல்லை" என்றார். கோபமா, வெட்கமா என்று அவருடைய குரலில் பிடிபடவில்லை. "வாங்கோ, அம்மாட்டைக் குடுப்பம்."

மதாம் ஜன்னலோரக் கதிரையில் இருந்தார். மெலிந்திருந்தார். முடியைக் குட்டையாக வெட்டிவிட்டிருந்தார்கள். நான் குனிந்து கையைப் பிடித்து, மெல்லிய குரலில் சுகம் கேட்டேன். அவர் மரியாதையாகத் தலையை அசைத்து, "பொன்ஜூர், மதாம்" என்றார்.

அவர் என்னை மதாம் என்றார்.

மகன் படத்தை அவருடைய மடியில் வைத்தார். "அம்மா, பாருங்கோ, உங்கடை படம் வந்திட்டுது." மதாம் அதைக் கையில் எடுத்தார். நெற்றியைக் கண்டதும், நாங்கள் தடுக்கும் முன்னரே, பெருவிரலை எச்சிலில் தொட்டு ஒரு தேய்ப்புத் தேய்த்தார். "அம்மா!" என்று மகன் பதறினார். "முகம் ஊத்தையாக் கிடக்கு" என்றார் மதாம். பிறகு புருவத்தைச் சுருக்கினார். "இவள் ஏன் இஞ்சை? இவளை நான் குடுத்திட்டனெல்லே?"

நான் ஒரு அடி கிட்ட வந்தேன்.

"ஆருக்குக் குடுத்தனீங்கள்?" என்று மகன் கேட்டார்.

"காலமை வாறவளுக்கு. என்ரை பெட்டைக்கு. கனநாளா அவளைக் காணேல்லை. வருவன் எண்டு சொன்னவள். அவளைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

மகன் என்னைப் பார்த்தார். கதிரையின் பக்கத்தில் முழந்தாளிட்டார். "அம்மா, இவதான் அவ. பாருங்கோ."

மதாம் என்னைப் பார்த்தார். நன்றாக, நேராக, நேரமெடுத்துப் பார்த்தார். "இல்லை" என்றார். "இவ மெதுவாக் கதைக்கிற ஆள். அவள் என்னை ஏசுவாள்."

ஏச வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சாப்பிடாமல் இருந்தாராம், என்ன கண்டறியாத பழக்கம் என்று கத்த வேண்டும். அந்தக் குட்டை முடியைப் பார்த்துக்கொண்டு ஏச வரவில்லை. அவர் தேடியது படத்தை இல்லை. நான் முதல் கிழமை வந்திருந்தால் வாசலிலேயே பெட்டை என்று கூப்பிட்டிருப்பார். தந்தாரா தரவில்லையா என்று நான் வீட்டில் குழம்பிக்கொண்டிருந்த இரண்டரை மாதத்தில், தந்தவர் என்னை மறந்து முடித்துவிட்டார். என்னை நானே மன்னிக்க முடியாத கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது.

மதாம் படத்தை என்னிடம் நீட்டினார்.

"நீங்கள் அவளைக் காணுவீங்களோ?"

"ஓம், காணுவன்."

"அப்ப இதைக் கொண்டுபோய் அவளிட்டைக் குடுத்துவிடுங்கோ. நான்தான் தந்தனான் எண்டு கட்டாயம் சொல்லுங்கோ. சொல்லாட்டி எடுக்கமாட்டாள். அவள் ஒருத்தற்றை பொருளும் தொடாதவள்."

நான் இரண்டு கையாலும் வாங்கினேன். "சொல்லுறன்" என்றேன்.